இரண்டு வாசல் வைத்த கண்காட்சி

1

சென்ற சனிக்கிழமை இங்கே பிரெடெரிசியா நகரில், எண்பது வயது தாண்டிய இரண்டு ஸ்பானியக் கிழவர்கள் ஊர் பார்க்கச் சண்டை பிடித்தார்கள். நான் ஒரு கையில் வடைத் தட்டும் மறு கையில் கத்தரிக்கோலுமாக நின்று, சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, பார்க்கிறவர்கள் இவளுக்குத் தட்டிவிட்டது என்று நினைக்கும்படி துள்ளிக்கொண்டிருந்தேன். இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. அந்தத் துள்ளல் இன்னும் அடங்கவில்லை. காலையில் சைக்கிளில் வேலைக்குப் போகும்போது தானாகச் சிரிப்பு வருகிறது. டென்மார்க்கில் தனியே சிரித்துக்கொண்டு சைக்கிள் ஓடுகிறவளை எல்லோரும் கொஞ்சம் பயத்தோடுதான் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. போன முறை நான் யாழ்ப்பாணம் வந்தபோது, பஸ்ஸில் பக்கத்தில் இருந்த தூரத்துச் சித்தப்பா ஒருவர், "வெளிநாட்டுக்குப் போயும் நீங்கள் ரெண்டுபட்டுத்தானே கிடக்கிறியள்" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. பதில் வரவில்லை. இப்போது வந்திருக்கிறது. சித்தப்பா, எங்களை மட்டும் பேசாதையுங்கோ, ஸ்பானியரையும் ஒருக்காப் பாருங்கோ.

நான் மலர். வயதானவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பராமரிக்கும் வேலை. சம்பளம் தருவது கொம்யூன், அதாவது இங்கத்தைய நகரசபை. பராமரிக்கிறவர்களைப் பற்றி வெளியே கதைக்கக்கூடாது என்று கையெழுத்து வைத்துத்தான் இந்த வேலைக்குச் சேர்ந்தோம். ஆகவே கிழவர்கள் இருவரிடமும் கேட்டேன், எழுதட்டுமா என்று. "எழுது, அவனைப் பற்றின உண்மையை எழுது" என்றார் ஒருவர். மற்றவரும் அதையேதான் சொன்னார். பெயர்களை மாற்றியிருக்கிறேன். சண்டையை மாற்றவில்லை.

2

எமிலியோவின் வீடு மூன்றாம் மாடியில் இருக்கிறது. கதவைத் திறந்தால் முதலில் டர்பன்டைன் மணம் வரும், அடுத்தது உள்ளி பொரியும் மணம் வரும், அதற்குப் பிறகுதான் எமிலியோ வருவார். ஓவியர். இளவயதில் சர்வாதிகாரியின் பொலிசுக்குத் தப்பி ஸ்பெயினை விட்டு வெளிக்கிட்டு, பிரான்சில் கொஞ்சக் காலம் அலைந்து, ஒரு டேனிஷ் பெட்டையில் மனம் வைத்து இங்கே வந்து சேர்ந்தவர். பகலில் தொழிற்சாலை, மிச்ச நேரத்தில் தூரிகை என்று காலம் போனது. மனைவி இறந்துவிட்டார். மகள் எஸ்பியர்க்கில் இருக்கிறாள். அவர் ஸ்பானிஷில் கேட்பார், அவள் டேனிஷில் பதில் சொல்லுவாள். இதைப் பார்த்த முதல் நாளே இவர் எங்கட ஆள்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் மகள் நிலாவும் அப்படித்தான். "சாப்பிட்டியோ பிள்ளை" என்று நான் தமிழில் கேட்டால், சாப்பாட்டில் என்ன குறை என்று டேனிஷில் பட்டியல் வரும்.

டேனிஷில் பெரியவர் சின்னவர் எல்லோரையும் நீ என்றுதான் சொல்லவேண்டும். வந்த புதிதில் எனக்கு நாக்குக் கூசும். இப்போதும் வாயால் எமிலியோ என்பேன், மனதுக்குள் ஐயா என்பேன். அவர் கதைப்பதும் பிழையான டேனிஷ், நான் கதைப்பதும் பிழையான டேனிஷ். இரண்டு பிழையும் ஒன்றுக்கொன்று நல்லாகப் பொருந்திப் போகும். அவர் சொன்னதை இங்கே எங்கட தமிழில்தான் எழுதுகிறேன், எனக்கு அது அப்படித்தான் கேட்கிறது.

எமிலியோவின் அரசியல் லேசானது. ஆருக்கும் மேலே ஆரும் இருக்கக்கூடாது. அரசாங்கம் வேண்டாம், கட்சி வேண்டாம், தலைவர் வேண்டாம். கொம்யூன் மட்டும் இருக்கலாம், ஏனென்றால் காலுறை போட்டுவிட ஆள் அனுப்புகிறது. அவரது படங்களும் அப்படியே. குதிரையில் ஒருவரும் ஏறமாட்டார்கள், பக்கத்தில் நடந்து போவார்கள். ஏணி இருக்கும், ஏணியில் ஆள் இருக்காது.

அந்தப் படங்களை ஊர் ஒருநாளும் கண்டதில்லை. கட்டிலுக்குக் கீழே கொஞ்சம், கீழ்வீட்டுக்காரரின் நிலவறையில் கொஞ்சம், மகளின் கராஜில் கார்ச் சில்லுகளுக்குப் பின்னால் கொஞ்சம் என்று கிடந்தன. இதற்கிடையில் அவருடைய கண்ணின் நடுப்பகுதி மங்கிக்கொண்டு வந்தது. ஒன்றைப் பார்க்கவேண்டும் என்றால் முகத்தைத் திருப்பி, கோழி பார்ப்பதுபோலப் பக்கவாட்டில் பார்ப்பார். நிறங்களும் குழம்பத் தொடங்கிவிட்டன. ஆஸ்பத்திரியில் இனி நல்லாக வராது, மெல்ல மெல்லக் கூடும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஒருநாள் காலுறையை இழுத்துக்கொண்டிருந்தபோது சொன்னார்.

"மலர், எனக்கு வேற ஆசை ஒண்டும் இல்லை. என்ர படமெல்லாத்தையும் ஒரு இடத்தில, சுவரில மாட்டி, வெளிச்சம் போட்டு, கண் இருக்கேக்குள்ள ஒருக்காப் பாக்கவேணும்."

குனிந்திருந்ததால் நல்லது. என் முகத்தை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் தெரிந்திராது என்ற நினைப்பு வந்து இன்னும் அழுகையைக் கூட்டியது.

3

அன்றைக்கே கலாசார மண்டபத்துக்குப் போன் போட்டேன். துறைமுகத்துப் பழைய களஞ்சியம் ஒன்றைத் திருத்திக் கட்டிய மண்டபம் அது. பொறுப்பாக இருந்தவள் மெத்த என்ற பெயருள்ள ஒரு இளம் பெட்டை. சந்தோஷம் வந்தால் கைதட்டுகிற சாதி. ஓமோம், ஒரு கிழமை மண்டபம் சும்மா கிடக்கிறது, தரலாம், ஆனால் ஒரு தனிமனிதரின் படங்களுக்குத் தர விதி இல்லை, "நாடுகடந்த ஸ்பானியக் கலைஞர்கள்" என்று போட்டால் தரலாம் என்றாள். கலைஞர்கள் என்றால் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். தேடிப் பார்த்துவிட்டு அவளே கைதட்டினாள். "எவ்வளவு அதிர்ஷ்டம்! இதே ஊரில் இன்னும் ஒருவர் இருக்கிறாரே!"

அந்த இன்னும் ஒருவர்தான் ரமோன்.

எமிலியோவிடம் பெயரைச் சொன்னேன். கோப்பிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவன் கட்சிக்காரன்."

அவ்வளவுதான்.

பிறகு சிறுகச் சிறுக வெளியே வந்தது. இருவரும் ஒரே காலத்தில் வந்தவர்கள், ஒரே தொழிற்சாலை, ஒரே வாடகை அறை. ரமோன் சிவப்புக் கொடிக் கட்சியின் கட்டுப்பாட்டில் வளர்ந்தவர். அவருடைய படங்களில் தொழிலாளர்கள் பெரிய பெரிய கைகளோடு வரிசையில் நிற்பார்கள், ஒருவரும் வரிசை தப்பமாட்டார்கள். அந்த நாளில் இங்கே இருந்த ஸ்பானிய ஓவியர், பாட்டுக்காரர், நாடகக்காரர் எல்லோரையும் சேர்த்தால் ஒரு வான் நிரம்பாது. ஆனால் அதற்குள் கட்சி ஆட்கள், கட்சியிலிருந்து பிரிந்த ஆட்கள், கட்சியே வேண்டாம் என்ற ஆட்கள் என்று பிரிவுகள் இருந்தன. கூட்டம் போட்டால் எந்தப் பாட்டு முதலில் பாடுவது என்று விடியவிடியச் சண்டை நடக்குமாம். சர்வாதிகாரி செத்த பிறகு மற்றவர்கள் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். இவர்கள் இருவரும் மட்டும் போகவில்லை. கேட்டால் டேனிஷ் மனைவி, பிள்ளைகள் என்று காரணம் சொல்வார்கள். மற்றவன் முதலில் போகட்டும் என்று இருந்துவிட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

வீட்டில் இதையெல்லாம் சொன்னபோது நிலா டேனிஷில் கேட்டாள், அவர்களுக்கும் எங்கட தமிழ் வருத்தம் பிடித்திருக்கிறதா என்று. எனக்கு வந்த சிரிப்பில் சோற்றுக் கோப்பையைக் கீழே வைக்கவேண்டியிருந்தது. அவளுடைய அப்பா சிரிக்கவில்லை.

அவர் சிரிக்காததற்குக் கதை இருக்கிறது. வந்த காலத்தில் எங்களிடம் ஒரு நாடகக் குழு இருந்தது. விபோர்க், எஸ்பியர்க், பிரெடெரிசியா எல்லாம் சேர்ந்து ஒரே குழு. என் வீட்டுக்காரர் செல்வன் மேடைக்குப் பின்னால் தொங்கும் சீன் கீறுவார், என் அண்ணை ராசாவாக நடிப்பார். இருவரும் மச்சான், மச்சான் என்று உயிராக இருந்தார்கள். பிறகு நாடகம் தொடங்க முன் எழும்பி நின்று மௌன அஞ்சலி செய்யும்போது யாருக்காகச் செய்வது, எல்லா இயக்கத்துப் பிள்ளைகளுக்குமா ஒரு இயக்கத்துக்கு மட்டுமா என்று வாக்குவாதம் வந்தது. ஒரு நிமிட மௌனத்துக்காக ஒரு வருடம் சத்தம் போட்டு, குழு இரண்டாக உடைந்தது. முடியும் வாளும் அண்ணையோடு போயின. அரண்மனைச் சீன் எங்கள் கராஜுக்கு வந்தது.

அன்று தொடக்கம் அவர்களிடம் அரண்மனை இல்லாத ராசா, எங்களிடம் ராசா இல்லாத அரண்மனை. அண்ணை முடியோடும் வாளோடும் பாடசாலை உடற்பயிற்சி மண்டபத்தில், ஏறி விளையாடும் மரச்சட்டங்களுக்கு முன்னால் நின்று கர்ச்சிப்பார். செல்வன் குழு சமூக நாடகம் போடும். கொம்யூனில் வேலை தேடி அலையும் தமிழனின் சோகக் கதை, பின்னால் தங்கத் தூண்களும் மயிலும். அன்றிலிருந்து செல்வன் அண்ணையை மச்சான் என்று சொல்வதில்லை. "உன்ர கொண்ணர்" என்றுதான் சொல்வார்.

4

ரமோனின் வீட்டுக்குப் பராமரிக்கப் போவது யார் தெரியுமோ? ஜெயா. என் அண்ணையின் மனைவி, எனக்கு மச்சாள். ஆண்கள் இரண்டு பக்கம் நின்றாலும் நாங்கள் இருவரும் வேலை முடிந்து கடைத் தரிப்பிடத்தில் நின்று கதைப்பதை ஒருநாளும் விட்டதில்லை. பெயர் சொல்லக்கூடாது என்பதால் என்ர ஐயா, உன்ர ஐயா என்றுதான் கதைப்போம்.

"மச்சாள், உன்ர ஐயா சம்மதிப்பாரோ?"

"கேட்டனான். தன்ர படத்தை அந்த ஒழுங்கில்லாதவன்ர படத்துக்குப் பக்கத்தில மாட்டினால், தன்ர தொழிலாளியள் வரிசையை விட்டு ஓடிப்போயிடுவினமாம்."

"என்ர ஐயா சொல்லுறார், அந்தப் படங்களுக்குக் கீழ நிண்டா யாரோ தனக்கு ஓடர் போடுற மாதிரி இருக்காம்."

இருவரும் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். பிறகு எமிலியோவின் கண்ணைப் பற்றிச் சொன்னேன். ஜெயாவின் சிரிப்பு நின்றது. கார்க் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்.

"மலர், நிலான்ர சாமத்தியவீட்டை எப்பிடிச் செய்தனீங்கள்?"

அந்த இடத்தில் எனக்கு மண்டையில் வெளிச்சம் பட்டது.

இங்கே பிரிந்து கிடக்கும் தமிழர் எல்லோரும் கலியாணம், பெண்பிள்ளை பெரியபிள்ளையானால் வைக்கும் சாமத்தியவீடு எல்லாம் செய்து பழகிய முறை ஒன்று இருக்கிறது. அழைப்பிதழ் எல்லோருக்கும் ஒன்றுதான். போனில் சொல்வதுதான் வேறு. ஒரு பக்கத்தாருக்கு, "நீங்கள் மத்தியானம் வந்து ஆராத்தி பாத்து, சாப்பிட்டுப் போங்கோ" என்போம். மற்றப் பக்கத்தாருக்கு, "நீங்கள் பின்னேரம் கேக் வெட்டுக்கு வாங்கோ" என்போம். ஒரு பக்கம் முன்வாசலால் கை கழுவிப் போக, மறு பக்கம் பின்வாசலால் வந்து இருக்கும். இரண்டு பக்கமும் வந்தது, இரண்டு பக்கமும் சந்திக்கவில்லை, இரண்டு பக்கமும் மொய் எழுதியது. நிலாவின் சாமத்தியவீட்டில் தாய்மாமனான என் அண்ணை வந்து செய்யவேண்டியதைச் செய்து முடிக்கும்வரை, செல்வன் சமையல்காரரோடு பின்பக்கம் நின்று சம்பலுக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மண்டபத்துக்கும் இரண்டு வாசல் இருக்கிறது. ஒன்று துறைமுகப் பக்கம், ஒன்று பழைய கோட்டை மேட்டுப் பக்கம்.

பேச்சுவார்த்தை தொடங்கியது. ஒரு கண்காட்சி, இரண்டு திறப்பு விழா. கோட்டை வாசல் எமிலியோவுக்கு, துறைமுக வாசல் ரமோனுக்கு. இரண்டு நாடா, இரண்டு கத்தரிக்கோல். யார் பெயர் முதலில் என்று ஒரு கிழமை இழுபட்டு, கடைசியில் இரண்டு விளம்பரம் அடித்தோம். ஒவ்வொரு வாசலிலும் அந்தந்த வாசல்காரரின் பெயர் முதலில். மெத்தவுக்கு இது ஒன்றும் விளங்கவில்லை. இது நவீன கலையா என்று கேட்டாள். ஓம் என்றோம்.

ஒரே ஒரு சிக்கல்தான் மிச்சம் இருந்தது. தொழிற்சங்கக் கட்டடத்து நிலவறையில் மெத்த ஒரு பெரிய படத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். இருவரும் சேர்ந்து கீறிய ஒரே படம். ஒரு பெண் கயிற்றில் உடுப்புக் காயப்போடுகிறாள். வெள்ளைக் கட்டில்விரிப்பு, சின்னக் காற்சட்டை, மேசைவிரிப்பு. வரிசையில் கடைசியாக ஒரு துணி. அந்தத் துணிதான் பிரச்சினை. ரமோன் அதை முழுச் சிவப்பாகப் பூசினார். எமிலியோ வந்து அதில் பாதியைக் கறுப்பாக்கினார், ஏனென்றால் அவரது ஆட்களின் கொடி சிவப்பும் கறுப்பும். அடுத்த நாள் ரமோன் திரும்பவும் சிவப்பு. அடுத்த நாள் இவர் திரும்பவும் கறுப்பு. வாயால் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பூசிப் பூசி அந்த இடம் பணியாரம்போல வீங்கி நிற்கிறது. அந்த மாரிகாலத்தோடு பேச்சும் நின்றது.

"என்ர ஐயா அதை மூடச் சொல்லுறார்" என்றாள் ஜெயா. "கடைசிப் பூச்சு அவன்ர. அவன்தான் வெண்டவன். அந்தக் கறுப்பைப் பாக்க எனக்கு ஏலாது எண்டுறார்."

எமிலியோவிடம் கேட்டேன். "அதைப் பற்றிக் கதைக்காதை. மூடி வை" என்றார். ஐம்பது வருடத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் இதுதான். நான் வெள்ளை விரிப்பு ஒன்றைக் கொண்டுபோய், விளக்குப் போடாத மண்டபத்தில் நிறத்தைப் பார்க்காமலே மூடினேன்.

5

இனி நான் விட்ட பிழை.

நேரத்தை எங்கட கணக்கில் போட்டேன். நாங்கள் அழைப்பிதழில் ஒரு மணி என்று போட்டால் வீட்டிலிருந்து ஒரு மணிக்கு வெளிக்கிடுவோம் என்று அர்த்தம். ஸ்பானியரும் எங்களைப்போல என்று கேள்விப்பட்டிருந்தேன். எமிலியோவுக்கு ஒரு மணி என்றும் ரமோனுக்கு மூன்று மணி என்றும் சொன்னோம். ஒருவர் இரண்டுக்கு வருவார், மற்றவர் நாலுக்கு வருவார், நடுவில் கூட்டித் துடைக்கவும் நேரம் இருக்கும். ஸ்பானியர் எல்லோரும் ஒரேமாதிரி என்று நினைத்தேன். தமிழர் எல்லோரும் ஒரேமாதிரி என்று யாராவது சொன்னால் முதல் ஆளாகச் சண்டைக்குப் போகிறவள் நான்.

சனிக்கிழமை மத்தியானம் எமிலியோ வீட்டுக்குப் போனால், அவர் அப்போதுதான் மீன் பொரிக்கிறார். விழா நாளில் வயிறாறச் சாப்பிடாமல் வெளிக்கிட முடியாதாம். சாப்பிட்டு முடிய நீலச் சேட்டு வேண்டாம், வெள்ளைச் சேட்டு வேண்டும் என்றார். அது அயன் பண்ணவில்லை. நான் அயன் பண்ணினேன். பிறகு மீசை. மகள் கீழே காரில் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தாள்.

"எமிலியோ, நேரம் போகுது!"

"மணிக்கூடு எனக்கு மேல இல்லை, மலர்."

ரமோனோ ஐம்பது வருடத்தில் டேனிஷ்காரரைவிட டேனிஷ்காரர் ஆகிவிட்டவர். ஜெயா எவ்வளவோ மினக்கெடுத்திப் பார்த்திருக்கிறாள். செருப்பைக்கூட ஒளித்து வைத்தாளாம். மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்பே அவர் கோட்டும் கழுத்துப்பட்டியுமாகத் துறைமுக வாசலில் நின்றார்.

நான் எமிலியோவைக் கையில் பிடித்துக் கோட்டை வாசலால் உள்ளே கொண்டுவர, ஜெயா ரமோனைப் பிடித்துக்கொண்டு எதிர்வாசலால் வந்தாள். மண்டபத்தின் நீளத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நாங்கள் இரண்டு மச்சாள்களும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஜெயா வாயைப் பொத்தினாள். நடுவில் சனம் கூடி நின்றது. டேனிஷ்காரர், ரோல்சும் வடையும் இருக்கிறது என்று கேள்விப்பட்டு வந்த தமிழர், தொழிற்சங்கத்துப் பழைய ஆட்கள்.

மெத்தவுக்கு மட்டும் தலைகால் தெரியாத சந்தோஷம். இரண்டு பேரும் சேர்ந்து வந்துவிட்டார்கள் என்று கைதட்டினாள். கூட்டமும் கைதட்டியது. ஓடிப்போய் என் வெள்ளை விரிப்பைப் பிடித்து ஒரே இழுவையாக இழுத்தாள்.

அந்தப் பெரிய படம் வெளியே வந்தது. கயிறு, கட்டில்விரிப்பு, சின்னக் காற்சட்டை, கடைசியில் வீங்கின துணி.

எமிலியோ என் கையை விட்டார். பொல்லை ஊன்றிக்கொண்டு படத்தடிக்குப் போனார். மறுபக்கத்தால் ரமோனும் வந்தார். இருவருக்கும் நடுவில் ஒரு கதிரை வைக்கலாம், அவ்வளவுதான் இடம். எமிலியோ முகத்தைப் பக்கவாட்டில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, மற்றவரைப் பார்க்காமல், பிறத்தியாரோடு கதைக்கிற டேனிஷில் கேட்டார்.

"எனக்குக் கண் தெரியேல்லை. கடைசித் துணியில மேல இருக்கிறது என்ன நிறம்?"

ரமோன் கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்தார். நான் நின்ற இடத்துக்கே தெரிந்தது. பழுத்த மிளகாயின் சிவப்பு. ஒரு பொட்டுக் கறுப்புக்கூட இல்லை. ரமோனின் கழுத்து மெல்லச் சிவந்துகொண்டு வந்தது. ஐம்பது வருடம் தான் தோற்றதாக நினைத்திருந்த மனிதர், தன்னுடைய சிவப்பைப் பார்த்தபடி நின்றார். எதிராளியின் கண்ணைப் பார்த்தார். அது எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது.

"கறுப்பு" என்றார். "கறுப்புத்தான், எமிலியோ. உன்ர பூச்சுத்தான் கடைசி."

ஜெயா என்னைப் பார்த்தாள். நான் யாரோ என் கையில் தந்திருந்த வடைத் தட்டைப் பார்த்தேன்.

எமிலியோ கையை நீட்டி அந்த வீக்கத்தைத் தடவினார். அவருடைய மீசை துடித்தது.

"பொய்" என்றார். "இவ்வளவு காலத்துக்குப் பிறகும் கட்சிக்காரன் பொய்தான் சொல்லுறான். கடைசி நாள் நான் கறுப்புப் பெயின்ற் பேணியோட வந்தனான். உன்ர சிவப்பு காயாமல் ஈரமா இருந்தது. பாத்துக்கொண்டு நிண்டன். சரி, இருந்திட்டுப் போகட்டும் எண்டு திரும்பிப் போட்டன். அது சிவப்பு."

ரமோன் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீ எனக்கு விட்டுக்குடுத்தனியோ? ஆர் கேட்டது உன்னை?"

"இப்ப நீ எனக்கு விட்டுக்குடுத்தாயே, அதை ஆர் கேட்டது?"

அதற்குப் பிறகு டேனிஷ் போதவில்லை. ஸ்பானிஷுக்குப் போய்விட்டார்கள். அம்மாடி, என்ன சத்தம்! ஒருவர் பொல்லைத் தூக்க, மற்றவர் கண்ணாடியை ஆட்ட, ஒருவர் சொல்லி முடிக்க முன் மற்றவர் தொடங்க, எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, எல்லாம் விளங்கியது. டேனிஷ்காரர் இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டினார்கள். எமிலியோவின் மகள் என் தோளில் சாய்ந்து அழுதாள். அப்பா ஸ்பானிஷில் கேட்க யாரோ ஸ்பானிஷிலேயே பதில் சொல்லுவதைத் தான் பிறந்த காலம் முதலே கேட்டதில்லை என்றாள். அப்போதுதான் நான் துள்ளத் தொடங்கினேன். வடைகள் நாலைந்து தரையில் உருண்டன.

நாடா வெட்ட எல்லோரும் மறந்துபோனோம்.

6

வீட்டுக்கு வந்து செல்வனிடம் ஒன்றுவிடாமல் நடித்துக் காட்டினேன். அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். எழும்பிப் போய்க் கராஜ் வெளிச்சத்தைப் போட்டு, சுருட்டிக் கிடந்த அரண்மனையைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"மயிலில கொஞ்சம் பூஞ்சணம் பிடிச்சிருக்கு" என்றார். "திருத்தலாம். மச்சான் கேட்டால் ஒரு நாளைக்குக் குடுக்கலாம்."

மச்சான் என்றார். நான் கேட்காத மாதிரி கோப்பை கழுவினேன்.

"ஆனா அவர்தான் முதல் கேக்கவேணும்."

உடனே ஜெயாவுக்குப் போன் போட்டேன். அங்கே அண்ணை முடியைத் துடைத்து வைத்திருக்கிறாராம். "குடுக்கலாமாம் மச்சாள், ஆனா அவர்தான் முதல் கேக்கவேணுமாம்" என்றாள். இருவரும் போனிலேயே விழுந்து விழுந்து சிரித்தோம். இனி இதற்கு எத்தனை வாசல் வைக்கிறது என்று நாங்கள்தான் யோசிக்கவேண்டும்.

ஞாயிறும் திங்களும் ரமோன் மண்டபத்துக்கு வந்தார். துறைமுக வாசலால் இல்லை, கோட்டை வாசலால். எமிலியோவைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படமாக நின்று, அதில் என்ன இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு போனார். நான் பின்னால் கதிரையைத் தூக்கிக்கொண்டு போனேன். குதிரைப் படத்தடியில் நின்று ரமோன் சொன்னதைக் கேட்டு எமிலியோ பொல்லால் நிலத்தில் அடித்தார். என்ன சொன்னார் என்று நான் கேட்டேன்.

"என்ர குதிரையில ஆள் ஏறியிருக்காம்!"

இன்று காலை வழமைபோலக் காலுறை போடப் போனேன். பலகணிக் கதவைத் திறந்து வெயிலை உள்ளே விட்டேன். எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது, கேட்டுவிட்டேன்.

"எமிலியோ, நீங்கள் பூசேல்லை எண்டதை இவ்வளவு காலமும் ஏன் அவருக்குச் சொல்லேல்லை?"

"அவன் கேக்கேல்லையே."

கோப்பியை ஒரு மிடறு குடித்தார். கோழிபோல முகத்தைத் திருப்பி, வெயில் வந்த பக்கம் பார்த்தார். படங்களை எல்லாம் பார்த்தாச்சோ, ஆசை தீர்ந்ததோ என்று கேட்டேன்.

"அரைவாசி நான் பாத்தன். மிச்சம் அவன் சொன்னான். அவன் சொல்லுற நிறமெல்லாம் பிழை, மலர். மனிசரை எல்லாம் வரிசையில நிப்பாட்டிப்போட்டான். ஏணியில ஆள் ஏத்திப்போட்டான். ஒரு வார்த்தையையும் நம்பேலாது."

மற்றக் காலை நீட்டினார்.

"நாளைக்கும் அவனை வரச்சொல்லு."